தாமரைக் கோபுரத்தைப்போல் இரண்டு மடங்கு உயரத்தில்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் சிறுவர் பக்கத்தில் துருவ நட்சத்திரத்தைக் கண்டுபிடிப்பது எப்படி என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. அதனால் எங்கள் வீட்டில் ஒரு சின்னக் குழப்பம். என் பேத்திக்குப் பதினொரு வயது. கட்டுரையைக் கத்தரித்து வைத்திருந்தவள், அன்று ரியூசன் முடிந்து வந்த கையோடு மொட்டை மாடிக்கு ஏறிவிட்டாள். வடக்கே திரும்பி, அடிவானத்துக்கும் உச்சிக்கும் நடுவில், ஏறத்தாழப் பாதி உயரத்தில் தேடும்படி அதில் எழுதியிருந்தது. முக்கால் மணிநேரம் தேடினாள். நுளம்பு கடித்த கையைச் சொறிந்துகொண்டு கீழே வந்து, “அம்மப்பா, எங்கட வானத்தில அந்த நட்சத்திரம் இல்லை” என்றாள்.

பிள்ளை சொன்னதில் பாதி சரி. அந்த இடத்தில் அது இல்லைத்தான். ஐரோப்பாவிலோ வட அமெரிக்காவிலோ உள்ள பிள்ளைகளுக்காக யாரோ எழுதியதை வேறு யாரோ தமிழாக்கித் தந்திருக்கிறார்கள். தமிழ் நன்றாகத்தான் இருக்கிறது. மொழியை மாற்றியவர் வானத்தை மாற்ற மறந்துவிட்டார், அவ்வளவுதான்.

இதைச் சொல்ல நான் யார் என்றால், ஓய்வுபெற்ற நில அளவையாளன். வயது 71. தியத்தலாவையில் பயின்று, தீவின் பல மூலைகளில் கூடாரம் அடித்து வேலை செய்தவன். துருவ நட்சத்திரத்தை நான் முதன்முதலில் ஒழுங்காகப் பார்த்தது 1979இல், மன்னார் மாவட்டத்தில், முருங்கனுக்குப் பக்கத்தில். கட்டுக்கரைக் குளத்தின் அணைக்கட்டில், கோணம் அளக்கும் கருவியான தியோடலைற்றை நிறுத்தி, வடக்குத் திசையை நட்சத்திரத்திலிருந்து எடுக்க வேண்டும். அந்தக் காலத்துக் கருவியில் இருட்டில் குறுக்கிழை தெரியாது. ஒருவர் முன்னால் நின்று, வில்லையின் ஓரத்தில் டோர்ச் வெளிச்சத்தைச் சாய்வாகக் காட்ட வேண்டும். கூடினால் நட்சத்திரம் மறைந்துவிடும், குறைந்தால் இழை மறைந்துவிடும். டோர்ச் பிடித்த தொழிலாளி தூங்கித் தூங்கி விழுந்தார். அப்படி எடுத்த வாசிப்பில் நட்சத்திரத்தின் உயரம் ஒன்பது பாகைக்குக் கிட்ட வந்தது. முருங்கனின் அகலக்கோடும் அதற்குக் கிட்டத்தான்.

அது தற்செயல் அல்ல. பூமி சுழலும் அச்சை வடக்குப் பக்கம் நீட்டினால் அது போய்த் தொடும் இடத்துக்கு மிக அருகில் இந்த நட்சத்திரம் இருக்கிறது. முக்கால் பாகைகூட விலகல் இல்லை. ஆகவே வடமுனையில் நிற்பவனுக்கு அது தலைக்கு நேர் மேலே. பூமத்தியரேகையில் நிற்பவனுக்கு அடிவானத்தில். இடையில் எங்கே நின்றாலும், அது எத்தனை பாகை உயரத்தில் தெரிகிறதோ அதுதான் நிற்கும் இடத்தின் அகலக்கோடு. லண்டனில் ஐம்பத்தொன்றரைப் பாகை, ஆகவே ‘பாதி உயரம்’ அங்கே சரி. சென்னையில் பதின்மூன்று. யாழ்ப்பாணத்தில் பத்துக்குச் சற்றுக் குறைவு. கொழும்பில் ஏழுகூட இல்லை.

ஏழு பாகை என்றால் பிள்ளைக்கு எப்படி விளங்கும்? கையை முழுதாக நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் முட்டியின் அகலம் சுமார் பத்துப் பாகை. சுண்டுவிரல் ஒரு பாகை. நம்பாதவர்களுக்கு: பூரணை நிலவு அரைப் பாகைதான், சுண்டுவிரலின் பாதியால் அதை மறைத்துவிடலாம்.

எங்கள் வெள்ளவத்தைக்கு இதைவிட நல்ல அளவுகோல் ஒன்று வாய்த்திருக்கிறது. தாமரைக் கோபுரம் எங்கள் மொட்டை மாடியிலிருந்து கிட்டத்தட்ட நேர் வடக்கே நிற்கிறது. தூரம் ஆறு கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு, கோபுரத்தின் உயரம் 350 மீற்றர். கணக்குப் போட்டால் அதன் உச்சி மூன்றரைப் பாகை உயரத்தில் தெரிய வேண்டும். பேத்தியின் கணிதப் பெட்டியிலிருந்த பாகைமானியில் ஒரு நூலைக் கட்டி, நூலின் நுனியில் இரும்பு நட்டு ஒன்றைத் தொங்கவிட்டு அளந்து பார்த்தோம். அவள் வாசித்தது நாலு. அரைப் பாகைப் பிழையை மன்னிக்கலாம், என்னிடம் சம்பளம் வாங்கியவர்கள் இதைவிட மோசமாக வாசித்திருக்கிறார்கள். ஆக, வெள்ளவத்தைப் பிள்ளைகளுக்கு எழுத வேண்டியது ஒரே வரி: தாமரைக் கோபுரத்தைப் பாருங்கள், அதன் உச்சிக்கு மேல் இன்னொரு கோபுரத்தை வைத்தால் எவ்வளவு உயரமோ அங்கேதான் துருவ நட்சத்திரம்.

அன்றைக்கு நாங்கள் அதைக் காணவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவ்வளவு தாழ்வில் நகரத்து வெளிச்சமும் புகையும் அதைத் தின்றுவிடுகின்றன. எங்கள் மாடியிலிருந்து நான் அதைத் தெளிவாகக் கண்டது 2022 மார்ச் கடைசியில்தான். ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு இருந்த நாட்கள். எரிவாயு வரிசையில் நின்ற களைப்போடு மாடிக்குப் போனால், கொழும்பின் மேலே முருங்கன் வானம் விரிந்து கிடந்தது. அந்தக் கஷ்டம் திரும்பி வர வேண்டாம். அந்த வானம் மட்டும் ஒரு மணிநேரத்துக்கு வந்தால் நல்லது.

சரி, வடக்கில் எங்களுக்குக் குறைவு. தெற்கில்? வானத்தின் தென்முனையைச் சுற்றி ஏழு பாகை வட்டம் ஒன்றுதான் எங்களுக்கு மறைவு. மற்றதெல்லாம் ஆண்டில் ஏதாவது ஒரு நேரத்தில் கொழும்புக்கு மேலே வந்தே தீரும். லண்டனில் இருக்கும் என் மகன், அகத்தியர் (கனோபஸ்) என்ற நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டுமானால் விமானம் ஏற வேண்டும். நாங்கள் பெப்ரவரி மாதத்தில் இரவு ஒன்பது மணிக்குத் தெற்கே திரும்பினால் போதும், மூன்று முட்டி உயரத்தில் நிற்கிறார். இரவு வானத்தில் சிரியஸுக்கு அடுத்த பிரகாசமான நட்சத்திரம் அதுதான். தங்கள் பத்திரிகையின் ‘குளிர்கால வானம்’ கட்டுரையில் அதன் பெயரே இல்லை, ஏனென்றால் மூலத்தை எழுதியவரின் ஊரில் அது உதிப்பதில்லை.

அகத்தியரைப் பற்றி இன்னொன்று. நாங்கள் நிலத்தில் திசை எடுப்பதுபோல விண்கலமும் விண்வெளியில் திசை எடுக்க வேண்டும். சூரியனை மட்டும் பிடித்தால் போதாது, அந்தக் கோட்டைச் சுற்றி உருண்டுகொண்டே இருக்கலாம். இரண்டாவதாக ஒரு பிடி வேண்டும். சூரியன் போகும் பாதையிலிருந்து நன்றாக விலகியும் பிரகாசமாகவும் இருப்பதால் அகத்தியரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1964இல் புறப்பட்டு, மறு ஆண்டு செவ்வாயை முதன்முதலாகப் பக்கத்திலிருந்து படமெடுத்த மரைனர் 4 கலத்தில் இந்த நட்சத்திரத்தைத் தேடிப் பிடிப்பதற்கென்றே ஓர் உணரி இருந்தது. கட்டுக்கரைக் குளத்து அணையில் நான் டோர்ச்சோடு செய்த அதே வேலை.

பிறையையும் பாருங்கள். தங்கள் படங்களில் பிறை எப்போதும் அடைப்புக்குறிபோல நிமிர்ந்து நிற்கிறது. கொழும்பில் அது படுத்த தோணி. மாசி, பங்குனியில் காலிமுகத்திடலில் நின்று மேற்கே பாருங்கள், சிவன் தலையில் வரைவதுபோல இரண்டு கொம்பும் மேலே பார்த்துக் கிடக்கும். எங்கள் அகலக்கோட்டில் சூரியன் கிட்டத்தட்ட நேர்குத்தாகக் கடலில் இறங்குவதால், ஒளி பிறையின் அடிப்பக்கத்தில் விழுகிறது. பெரிய பள்ளிவாசலில் பிறை பார்ப்பவர்களைக் கேட்டால் இது தெரியும். பிள்ளைகள் மட்டும் நிமிர்ந்த பிறையையே வரைந்துகொண்டிருக்கிறார்கள்.

இதற்கெல்லாம் ஆள் பிடிப்பது கஷ்டம் என்று நினைப்பீர்கள். ஆனால் நட்சத்திரப் பெயர்கள் எங்களைப்போல வாயில் வைத்திருக்கும் சனம் வேறு எங்கே? கோயிலில் அர்ச்சனைச் சீட்டு எடுக்கும்போது பெயர், நட்சத்திரம் சொல்கிறோம். ரோகிணி, திருவாதிரை, மகம், சித்திரை, சுவாதி, கேட்டை, திருவோணம். சொன்னவர்களில் எத்தனை பேர் தங்கள் நட்சத்திரத்தைக் கண்ணால் கண்டிருக்கிறார்கள்? திருமண மண்டபத்தில் பகல் பதினொரு மணிக்கு, கூரையில் சுழலும் மின்விசிறிப் பக்கம் கையைக் காட்டி ‘அருந்ததி தெரிகிறதா’ என்கிறார் ஐயர். மணமக்களும் தெரிகிறது என்கிறார்கள். (நானும் அப்படித்தான் சொன்னேன்.)

அருந்ததி உண்மையில் இருக்கிறது. சப்தரிஷி மண்டலத்தின் வாலில், நுனியிலிருந்து இரண்டாவதான வசிஷ்டரோடு ஒட்டிக்கொண்டு, மங்கலாக. நல்ல கண்ணுக்குக் கருவி இல்லாமலே தெரியும். விளக்கீட்டன்று பூரணை நிலவுக்குப் பக்கத்தில் சின்னக் கொத்தாக இருப்பதுதான் கார்த்திகை. மாதத்துக்கு அந்தப் பெயர் வந்ததே அப்படித்தான். சித்திரை மாதத்துப் பூரணை சித்திரை நட்சத்திரத்தின் பக்கத்தில். பஞ்சாங்கம் எழுதியவர்கள் அண்ணாந்து பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

இனி, கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டிய விடயம்: இலக்கங்கள். சென்ற ஆண்டு ‘வொயேஜர் 1 பூமியிலிருந்து 24 கோடி கிலோமீற்றர் தூரத்தில்’ என்று போட்டிருந்தீர்கள். செவ்வாயே பல மாதங்களில் அதைவிடத் தூரத்தில் இருக்கும். 1977 செப்டெம்பரில் புறப்பட்ட கலம் அது. இருப்பது 2,400 கோடி கிலோமீற்றருக்கும் அப்பால். பில்லியன் என்பது நூறு கோடி, அதைக் கோடி என்று மாற்றிவிட்டார்கள். வானொலி அலை ஒளியின் வேகத்தில் ஓடியும் அங்கிருந்து இங்கே வர 22 மணிநேரத்துக்கு மேல் எடுக்கிறது. அனுப்பும் கருவியின் வலு சுமார் 23 வாற்று, ஒரு சின்ன மின்குமிழ் அளவு. இந்த ஆச்சரியம் முழுவதையும் இரண்டு பூச்சியத் தவறு விழுங்கிவிட்டது.

இன்னொரு முறை ‘நிலவு வழமையைவிட 14 மடங்கு பெரிதாகத் தெரியும்’ என்றீர்கள். பதினான்கு வீதம். அதுவும் ஆண்டின் மிகச் சிறிய பூரணையோடு ஒப்பிட்டால்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாததால் வெறும் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. பதினான்கு மடங்கென்றால் ஏழு பாகை, மேலே சொன்ன இரண்டு கோபுர உயரம், பம்பலப்பிட்டிச் சனமெல்லாம் வீதிக்கு ஓடி வந்திருக்கும். செவ்வாய் நிலவளவு பெரிதாகத் தெரியும் என்று ஒவ்வொரு ஓகஸ்டிலும் வாட்ஸ்அப்பில் வரும் கதையின் மூலமும் இப்படித்தான். 2003 ஓகஸ்ட் 27இல் செவ்வாய் 5 கோடியே 58 இலட்சம் கிலோமீற்றர் வரை நெருங்கியது. அதை 75 மடங்கு பெருப்பிக்கும் தொலைகாட்டியில் பார்த்தால், வெறும் கண்ணுக்குத் தெரியும் நிலவின் அளவு இருக்கும் என்று யாரோ சரியாகத்தான் எழுதினார். அனுப்பி அனுப்பித் தொலைகாட்டி கழன்று விழுந்துவிட்டது.

ஒளியாண்டைக் காலம் என்று நினைத்து, ‘பல ஒளியாண்டுகளுக்கு முன்பு’ என்று எழுதாதீர்கள். ஒளி ஓர் ஆண்டில் ஓடும் தூரம் அது, சுமார் 9 இலட்சத்து 46 ஆயிரம் கோடி கிலோமீற்றர். பேத்திக்கு இந்த இலக்கம் ஒட்டவில்லை. நட்சத்திரத்தை வைத்துச் சொன்னேன். அவளுடைய நட்சத்திரம் சுவாதி. அது 37 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. இன்றைக்கு அவள் காணும் ஒளி, அவளுடைய அம்மா பிறந்த ஆண்டளவில் அங்கிருந்து புறப்பட்டது. என்னுடையது ரோகிணி, 65. நான் அரிவரியில் சிலேற்றோடு அழுதுகொண்டிருந்தபோது புறப்பட்ட வெளிச்சம் இப்போதுதான் வெள்ளவத்தைக்கு வந்து சேர்கிறது. அதற்குப் பிறகு வீட்டிலுள்ள எல்லாருடைய நட்சத்திரத்தின் தூரத்தையும் கேட்டுக் குடைந்தெடுத்துவிட்டாள்.

தொலைகாட்டிக் கதையையும் சொல்ல வேண்டும், தங்கள் பத்திரிகையிலும் அந்த விளம்பரம் வருவதால். நான் ஓய்வுபெற்ற கையோடு புறக்கோட்டையில் ஒரு கடையில் தொலைகாட்டி வாங்கினேன். கடையின் பெயர் வேண்டாம். பெட்டியில் கொட்டை எழுத்தில் ‘525 மடங்கு’ என்றிருந்தது. வாழ்நாள் முழுவதும் ஒளியியல் கருவியோடு கிடந்தவன், எழுத்தைப் பார்த்து ஏமாந்தேன் என்றால் வெட்கம்தான். வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தேன். வில்லையின் குவியத்தூரம் 700 மில்லிமீற்றர், கூட வந்த மிகச் சின்ன பார்வைத்துண்டு 4 மில்லிமீற்றர். ஒன்றை மற்றதால் பிரித்தால் 175. அதற்கு முன்னால் செருகும் மூன்று மடங்கு வில்லையால் பெருக்கினால் 525. கணக்குச் சரி, காட்சி பொய். வியாழனைப் பார்த்தால் தேத்தண்ணீரில் விழுந்த பிஸ்கற்போல ஊறிப்போய்த் தெரிந்தது.

தொலைகாட்டியில் கேட்க வேண்டியது எத்தனை மடங்கு என்பதல்ல, வாய் எவ்வளவு அகலம் என்பதுதான். தொலைகாட்டி ஒளியைப் பிடிக்கும் பாத்திரம். மழைக்கு வாளி வைத்தாற்போலத்தான், அகல வாளிதான் அதிகம் பிடிக்கும். இருட்டில் எங்கள் கண்மணி விரிந்தால் ஏழு மில்லிமீற்றர். என் கருவியின் வாய் அறுபது. விட்டங்களின் வர்க்கத்தைப் பார்த்தால் கண்ணைவிட எழுபது மடங்குக்கு மேல் ஒளி. ஆனால் அறுபது மில்லிமீற்றர் வாய்க்குத் தாங்கும் பெருப்பம் சுமார் 120 மடங்குதான். அதற்கு மேலே போனால் மங்கல்தான் பெருக்கும். 20 மில்லிமீற்றர் பார்வைத்துண்டைப் போட்டு 35 மடங்கில் பார்த்தேன். அப்புறம்தான் கருவி உயிர் பெற்றது. நிலவின் குழிகள், வியாழனின் நான்கு துணைக்கோள்கள், சனியின் வளையம் ஒரு சின்ன நெல்மணிபோல. கலிலியோ 1610 ஜனவரியில் வியாழனின் துணைக்கோள்களைக் கண்டது இருபது மடங்கு பெருப்பிக்கும் குழாயில்.

ஹபிள் விண்வெளித் தொலைகாட்டியின் ஆடி 2.4 மீற்றர் அகலம். 2021 நத்தார் தினத்தன்று ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப்பின் ஆடி 6.5 மீற்றர், ரொக்கெட்டின் மூக்குக்குள் அடங்காது என்பதால் பதினெட்டுத் துண்டாகச் செய்து மடித்து அனுப்பினார்கள். எத்தனை மடங்கு என்று அங்கே யாரும் கேட்பதில்லை. தூரத்துக்குப் போக வேண்டாம், கட்டுபெத்தையில் ஆதர் சி. கிளாக் நிறுவனத்திலுள்ள தொலைகாட்டியைச் சொல்லும்போதும் 45 சென்ரிமீற்றர் என்றுதான் சொல்வார்கள். பெற்றோருக்கு ஒரு எச்சரிக்கை: மலிவுப் பெட்டிகளில் ‘சூரியனைப் பார்க்க’ என்று பார்வைத்துண்டில் திருகும் கறுப்புக் கண்ணாடி ஒன்று வரும். குவிந்த வெயிலின் சூட்டில் அது வெடிக்கும். என்னுடையதை அன்றைக்கே குப்பையில் போட்டேன்.

கிளாக்கின் பெயர் வந்துவிட்டது. விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளரான அவர் 1956இலிருந்து இங்கே வாழ்ந்து, 2008இல் கொழும்பில் காலமாகிப் பொரளை கனத்தையில் அடக்கமானவர். 1945 ஒக்டோபரில், செய்மதி என்ற பொருளே இல்லாத காலத்தில், பூமத்தியரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீற்றர் உயரத்தில் ஒன்றை வைத்தால் அது பூமியோடு சேர்ந்தே சுற்றி ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தெரியும் என்றும், அப்படி மூன்று போதும் உலகம் முழுவதற்கும் செய்தி அனுப்ப என்றும் எழுதினார். அதன் விளைவு உங்கள் வீட்டுக் கூரையிலேயே இருக்கிறது. லண்டனில் மகன் வீட்டுச் சுவரிலுள்ள செய்மதித் தொலைக்காட்சித் தட்டு அடுத்த வீட்டுக் கூரையைப் பார்ப்பதுபோல நிற்கும். இங்கே எங்கள் நெட்டாங்கை ஒட்டி நிற்கும் செய்மதிக்குத் திருப்பிய தட்டு உச்சிவானத்தைப் பார்க்கிறது, செங்குத்திலிருந்து எட்டுப் பாகை தெற்கே சரிந்தால் போதும். மார்ச்சிலும் செப்டெம்பரிலும் சில நாட்களுக்கு, ஒரு குறித்த நேரத்தில் சில நிமிடம் தொலைக்காட்சிப் படம் புள்ளி புள்ளியாகச் சிதறும். சூரியன் செய்மதிக்கு நேர் பின்னால் வந்து நின்று இரைச்சல் போடுவதால் வருவது அது. என் மனைவி தொடர்நாடக நேரத்தில் கேபிள்காரப் பொடியனைத் திட்டியது அநியாயம்.

எங்கள் நாட்டின் முதற் செய்மதியைப் பற்றி 2019இல் பெரிதாகப் போட்டீர்கள், நல்லது. ராவணா 1. எடை ஒரு கிலோ சீனிப் பக்கற்றளவு. ஏப்ரல் 17ஆம் திகதி அமெரிக்காவிலிருந்து சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போய், ஜூன் மாதம் அங்கிருந்து வெளியே விடப்பட்டது. ஒரு சுவையான விடயத்தை யாரும் எழுதவில்லை. அதைக் கொண்டுபோன ரொக்கெட்டின் பெயர் அன்டாரிஸ். எங்கள் கேட்டை நட்சத்திரத்துக்கு மேல்நாட்டார் வைத்த பெயர் அது. இராவணன் புஷ்பக விமானத்தை விட்டுக் கேட்டையில் ஏறிப் போயிருக்கிறான்!

கடைசியாக, ஒரு சிறு சோதனையின் கணக்கு. சூரியன் கொழும்புக்கு நேர் உச்சியில் வருவது ஆண்டில் இரண்டு தரம், ஏப்ரல் 7 அளவிலும் செப்டெம்பர் முதல் வாரத்திலும். யாழ்ப்பாணத்துக்குச் சித்திரைப் புத்தாண்டை ஒட்டி. இந்த மாதம் 7ஆம் திகதி பகல் 12.12க்கு மாடியில் தூக்குக்குண்டு வைத்து நிமிர்த்திய ஒரு மீற்றர்த் தடி நிழலே இல்லாமல் நின்றது. பேத்தி சுற்றிச் சுற்றி வந்து தேடினாள். அதே நேரம் யாழ்ப்பாணத்தில் என் தங்கையின் மகன் முற்றத்தில் அதே நீளத் தடியோடு நின்றான். தொலைபேசியில், “மாமா, நிழல் வடக்குப் பக்கம் ஐஞ்சு சென்ரிமீற்றர், ஆனா நுனி மங்கலாக் கிடக்கு” என்றான். ஒரு மீற்றருக்கு ஐந்து சென்ரிமீற்றர் என்றால் கோணம் 2.86 பாகை. வட்டத்தில் 360 பாகை, ஆகவே அது 126இல் ஒரு பங்கு. இரண்டு ஊரும் ஏறத்தாழ ஒரே நெட்டாங்கில் இருக்கின்றன, வரைபடத்தில் நேர்கோட்டில் 302 கிலோமீற்றர். பெருக்கினால் பூமியின் சுற்றளவு 38,000 கிலோமீற்றர் என்று வந்தது. உண்மை 40,000. கிரேக்க அறிஞர் எரத்தோஸ்தனிஸ் இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் செய்த கணக்கு இது. எங்கள் பிழை நூற்றுக்கு ஐந்து. நுனி மங்கியதற்குக் காரணம் சூரியன் ஒரு புள்ளியாக இல்லாமல் அரைப் பாகை அகலமாக இருப்பதுதான். இரண்டரை மில்லிமீற்றர் குறைத்து வாசித்திருந்தால் கிட்டத்தட்டச் சரியாக வந்திருக்கும். ‘முற்றம் சரிவு மாமா’ என்று மருமகன் சாட்டுச் சொல்கிறான்.

செப்டெம்பரில் இன்னொரு தரம் வருகிறது. ஒரு கிழமைக்கு முன்பே தாங்கள் நேரத்தைப் போட்டால், கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இரண்டு பாடசாலைப் பிள்ளைகள் சேர்ந்து பூமியை அளக்கலாம். செலவு இரண்டு தும்புத்தடிக் கைபிடி.

ஆகவே என் கோரிக்கை: ராசிபலனுக்கு வாரந்தோறும் அரைப்பக்கம் தருகிறீர்கள். அதில் கைவைக்கச் சொல்லவில்லை, வீட்டில் எனக்குச் சாப்பாடு கிடைக்காது. அதன் கீழே ஆறு அங்குலம் ஒதுக்குங்கள். கொழும்பு வானம், யாழ்ப்பாணம் வேறுபடும் இடத்தில் ஒரு வரி. மொழிபெயர்ப்பு வேண்டாம். மாதிரிக்கு, வரும் மே மாதத்துக்கு நானே எழுதியிருக்கிறேன், பிடித்தால் அப்படியே போடலாம்:

மே நடுப்பகுதி. சூரியன் மறைவது மாலை 6.20 அளவில். இரவு 9 மணிக்கு, நிலவில்லாத நாளில், திறந்த மாடிக்குப் போங்கள். தெற்கே திரும்பினால் இரண்டு முட்டிக்குச் சற்று மேலே நான்கு நட்சத்திரங்கள் நிமிர்ந்த சிலுவையாக நிற்கும். அதற்கு இடப்பக்கம் இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள். அவற்றில் சிலுவைக்கு அப்பால் உள்ளது அல்பா சென்ரோரி, சூரியனை விட்டால் வெறும் கண்ணுக்குத் தெரியும் மிகக் கிட்டிய நட்சத்திரம், நாலேகால் ஒளியாண்டுக்குச் சற்று அதிகம். உச்சிக்குச் சற்றுத் தென்கிழக்கே வெண்மையாகச் சித்திரை, அதற்கு வடகிழக்கே செம்மஞ்சளாகச் சுவாதி. மேற்கே பாதிக்கு மேல் மகம். இனி அப்படியே வடக்கே திரும்புங்கள். சப்தரிஷி மண்டலம் நாலு முட்டி உயரத்தில் கவிழ்ந்த அகப்பைபோலக் கிடக்கும். அகப்பையின் வாயில் இடப்பக்கத்து இரண்டு நட்சத்திரங்களையும் இணைத்து, அந்தக் கோட்டைக் கீழே, அவற்றுக்கிடையிலுள்ள தூரத்தைப்போல் ஐந்து மடங்கு நீட்டுங்கள். மழை பெய்து ஓய்ந்த இரவென்றால், வெள்ளவத்தையில் இருப்பவர்கள் தாமரைக் கோபுரத்தின் உச்சிக்கு மேல் இன்னொரு கோபுர உயரத்தில் துருவ நட்சத்திரத்தைத் தேடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவையாளன்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.